கள்ளிமுளையானுக்கு எத்தனை பேர்

ஆரல்வாய்மொழி
ஐப்பசி 20

மக்கா,

உன் கடுதாசி வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு முழங்கால் வலி காரணமில்லை. கடைசி வரியில் கேட்டிருந்தாயே, "புதுச் செடி கண்டேன்னு போன்ல அந்தக் குதி குதிச்சியே, பேரு வச்சாச்சாலே?" என்று. அதற்கு என்ன எழுதுவது என்று யோசித்தே நாள் போய்விட்டது.

புதுச் செடி இல்லை. நம்ம கள்ளிமுளையான்தான், துவையல் அரைக்கிற அந்தச் சதைத் தண்டுச் செடி.

புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை பெய்தது. இந்தக் கணவாய்ப் பக்கம் உனக்குத் தெரியாததா? தக்கலையில் குடை பிடிக்கிற நாளிலும் இங்கே காற்றாலை சுற்றி மண்தான் பறக்கும். அந்த ஒரு மழைக்கே பொத்தை, அதான் நம்ம பாறைக் குன்று, முழுக்க உயிர் வந்துவிட்டது. கிளாச்செடி மூட்டில், ஆடு வாய் வைக்க முடியாத இடமாகப் பார்த்து, விரல் கனத்தில் நாலைந்து தண்டு. நுனிப் பக்கம் மெலிந்து, அதில் ஊதாப் பூ. ஐந்து இதழ். இதழோரமெல்லாம் மயிர், காற்று லேசாகப் பட்டாலும் அது மட்டும் தனியே நடுங்குகிறது. பத்தடி தள்ளி இன்னொரு மூடு. அதே தண்டு, அதே நிறம், ஆனால் இதழோரம் மொட்டை. அங்கேதான் நான் குதித்தது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரித்த பிறகுதான் வெட்கமாயிற்று. சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த கிரேவ்லியும் மயூரநாதனும் 1931லேயே இந்தியக் கள்ளிமுளையான்களை வரிசைப்படுத்தி ஒரு நூல் போட்டிருக்கிறார்கள். கிரேவ்லி அடிப்படையில் விலங்கியல்காரர், சிலந்தி ஆராய்ந்தவர். அந்தக் கண் பூவிலும் வேலை செய்திருக்கிறது. எனக்குத் தனித்தனி இனமாகத் தெரிந்த மயிர்க்காரனையும் மொட்டையனையும் அவர்கள் ஒரே இனத்தின் வகைகளாக வைத்தார்கள். மயிர் வைத்ததற்கு ஃபிம்பிரியேட்டா. அதையே தனி இனம் என்று பிரிப்பவர்களும் உண்டு. பொத்தையில் நின்று பார்த்தால் எனக்குக் கிரேவ்லி, மயூரநாதன் பக்கம்தான் மனம் சாய்கிறது. இன்னும் நாலு மூடு தேடிப் பார்த்தேன்; இரண்டுக்கும் நடுவில், அங்கொன்றும் இங்கொன்றுமாக மயிர் வைத்ததும் நிற்கிறது. கோடு எங்கே போடுவாய்?

பேர் வந்த கதையும் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பிடிக்கும். தாவரவியல்காரர் ராக்ஸ்பர்க் கோரமண்டல் கரைச் செடிகளைப் படம் போட்டு வெளியிட்டபோது, 1795ல், இதை ஆப்பிரிக்க ஸ்டபீலியாவோடு சேர்த்து 'ஸ்டபீலியா அட்செண்டென்ஸ்' என்றார். தெலுங்குக்காரர்கள் சொன்ன பேரையும் குறித்து வைத்தார். பதினைந்து வருஷம் கழித்து ராபர்ட் பிரௌன் என்ற இன்னொரு தாவரவியல்காரர், இந்தியாவையே பார்க்காத மனுஷன், அந்தத் தெலுங்குப் பேரை எடுத்து 'காரலூமா' என்று ஒரு பேரினம் உண்டாக்கினார். தமிழ்க் காட்டுக்குள் அவர்கள் முதலில் நுழைந்திருந்தால் லத்தீனில் ஒரு கள்ளிமுளையான் இருந்திருக்கும்!

தடித்த நாற்பட்டைத் தண்டும் நுனியில் பூப்பந்துமாக இன்னொன்று இருக்கிறதே, சின்ன வயதில் மோந்து பார்த்து நீ வாந்தி எடுத்தது. அதன் பாடு இன்னும் மோசம். முதலில் ஸ்டபீலியா, பிறகு காரலூமா. 1834ல் வைட், அர்னாட் என்ற இரண்டு தாவரவியல்காரர்கள் 'பௌசரோசியா' என்றார்கள். கிரேக்கத்தில் மாட்டுக்கொம்பு என்று பொருள், பூவின் நடுவே இருக்கிற கொம்புக்காக. 2017ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து டி.என்.ஏ. பார்த்த ஒரு கட்டுரை வந்து, இந்தக் கூட்டம் மொத்தத்தையும் 'செரொபீஜியா' என்ற பேரினத்துக்குள் தள்ளிவிட்டது. எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நாம் எருக்கங் குடும்பம் என்று படித்ததே இப்போது அரளிக் குடும்பத்துக்குள் போய்விட்டது, கேட்டியா?

பொத்தையில் ஆடு மேய்க்கிற ஆச்சிக்கு இந்தத் தொல்லை இல்லை. அவளுக்கு இரண்டே இரண்டு: திங்கிறது, நாறுறது. உங்கம்மா புளி வைத்து அரைத்த துவையல் முதல் வகை. அதை வெள்ளனே ஒடித்துக் கடித்துப் பார், புளிக்கும். சாயங்காலம் அந்தப் புளிப்பு குறைந்திருக்கும். இரவில்தான் அது மூச்சுத் துளையைத் திறந்து காற்றை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைக்கிறது, பகலில் செலவழிக்கிறது. அறுபது வயதுக்கு மேல் பாறையில் உட்கார்ந்து இதைக் கடித்துச் சோதித்தேன் என்று என் வீட்டில் சொல்லிவிடாதே.

நீ போட்டோ அனுப்பினால் போதாதா என்று கேட்டாய். போதாது. பூ நடுவில் கடுகளவு ஒரு கிரீடம் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். செடியை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டினாலும் அது நசுங்கிப் போகும். பூவை ஸ்பிரிட்டில் போட்டு வைக்க வேண்டும். தண்டோ வேறு மாதிரி வில்லங்கம். கொதிநீரில் முக்காமல் அவசரத்தில் அழுத்தி வைத்தேன்; பன்னிரண்டு நாள் கழித்துத் தாளைப் பிரித்தால், கனத்த அகராதி இரண்டுக்கு அடியில் கிடந்து, ஒரு கணு புதிதாக நீட்டியிருக்கிறது.

இடத்தை நான் எங்கேயும் எழுதப் போவதில்லை. உன் மருமகள் பசி அடக்க வாங்கினாளே ஒரு மாத்திரை, அதன் டப்பாவைத் திருப்பிப் படித்துப் பார். காரலூமா ஃபிம்பிரியேட்டா என்று போட்டிருக்கக்கூடும். மயிர் வைத்ததுக்குத் தனிப் பேர் வந்ததோடு விலையும் வந்துவிட்டது. சாக்கோடு ஆள் ஏறினால் இந்தப் பொத்தை ஒரு நாள் தாங்காது.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். கோயம்புத்தூரில், விவசாயப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது, காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்து வைத்திருக்கிற இடம். முன்கூட்டி அனுமதிக்கு எழுதிவிட்டுப் போ. காரலூமா அட்செண்டென்ஸ் கோப்பில் ஆரல்வாய்மொழியிலோ தோவாளைப் பக்கத்திலோ எடுத்த தாள் இருக்கிறதா பார். இருந்தால் இதழோரத்தைப் பற்றி எடுத்தவர் கைப்பட என்ன எழுதியிருக்கிறார் என்று அப்படியே எழுதிக்கொண்டு வா, உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே. மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போய் நிற்காதே.

தைக்கு வந்தால் ஏத்தங்காய் வத்தல் வறுத்து வைக்கிறேன்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்