காலியான கூண்டுகளின் கதவுகளைக் கழற்றிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிரியல் பூங்காக்களைப் புதுப்பிப்பது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். விலங்குகளுக்கு விசாலமான புதிய அடைப்புகள் அமைவதைப் பற்றி அது நிறைவாகவே பேசியது. ஆனால், விலங்குகள் குடிபெயர்ந்த பின் அந்தப் பழைய கூண்டுகளின் கதி என்னவாகிறது என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனவன் என்ற உரிமையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் நெல்லைச் சீமையில் பெரிய உயிரியல் பூங்கா கிடையாது. கூந்தன்குளத்துப் பறவைகள் உண்டு. கங்கைகொண்டானில் 2013-ல் அமைந்த புள்ளிமான் சரணாலயம் உண்டு. மேற்கே களக்காடு முண்டந்துறைக் காடு உண்டு. ஆனால் சிங்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால், எங்கள் பிள்ளைகள் விடியுமுன் பஸ் ஏறி, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்துக்குத்தான் போகவேண்டும். அங்கும் பிற பழைய பூங்காக்களிலும் கடந்த முப்பது ஆண்டுகளில் கம்பிக்கூண்டுகள் படிப்படியாகக் குறைந்து, அகழி சூழ்ந்த திறந்தவெளி அடைப்புகள் வந்திருப்பதைக் கண்ணால் கண்டவன் நான். அந்த மாற்றத்தை மனமார வரவேற்கிறேன். ஹாம்பர்க் நகருக்கு அருகே ஹாகன்பெக் என்பவர் 1907-லேயே கம்பிகளை நீக்கி அகழிகளை வைத்துப் பூங்கா அமைத்துக் காட்டியும், அந்த முறை இங்கே பரவலாக வந்து சேர இத்தனை காலம் பிடித்தது என்பதுதான் வருத்தம்.

பழைய கூண்டு எப்படி இருந்தது என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. முன்பக்கம் கம்பி, மூன்று பக்கம் சுவர், பின்னால் ஓர் இருட்டறை. இடையில் மேலிருந்து இழுக்கும் இரும்புக் கதவு; விலங்கை உள்ளறைக்கு விரட்டிக் கதவை இறக்கிவிட்டுத்தான் காப்பாளர் முன்கூட்டைக் கழுவுவார். தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்காகத் தரை முழுவதும் சிமெண்டு பூசி, ஒரு மூலையை நோக்கிச் சரித்திருப்பார்கள். மண் இருந்தால் நோய் வரும் என்று அஞ்சிய காலம் அது. கழுவுவதற்கு வசதியாகவும், பார்க்க வருபவர் கண்ணிலிருந்து விலங்கு மறையாதபடியும் கட்டினார்கள். விலங்கு எங்கே ஒதுங்கும் என்று எவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு பூங்காவில், கரடி இருந்து காலியான கூண்டு ஒன்று திறந்து கிடந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் என்னோடு இருந்தார்கள். அனுமதி கேட்டு ஐந்து ஐந்து பேராக உள்ளே அனுப்பினேன். வெளியே சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள், உள்ளே காலெடுத்து வைத்ததும் வாயடைத்துப் போனார்கள். ஒரு பையன் சுவரிலிருந்து சுவர்வரை அடி வைத்து எண்ணினான், ஏழு வந்தது. கம்பி ஓரமாகச் சிமெண்டுத் தரையில் ஒரு சாண் அகலத்துக்குத் தேய்ந்து பள்ளமான ஒரு தடம் ஓடியது. மூலைக் கம்பிகளில் இரண்டு மட்டும், பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில், துருவே இல்லாமல் வழுவழுப்பாக மின்னின. அங்கே நின்றிருந்த வயதான காப்பாளரிடம் கேட்டேன். "அதுதான் சார் கரடி திரும்புற இடம். ஒவ்வொரு தடவையும் தோள் உரசித்தான் திரும்பும்" என்றார். எத்தனை வருஷம் என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். அவருக்குக் கணக்குத் தெரியவில்லை. தான் வேலைக்குச் சேர்ந்தபோதே அது அங்கே இருந்தது என்றார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் வழக்கமாகப் போடும் பாட்டுகூட அன்று இல்லை. நான் வகுப்பில் எத்தனையோ பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடான ஒன்றை நடத்தியதாக நினைவில்லை.

மறு ஆண்டு போனபோது அந்தக் கூண்டு இருந்த இடத்தில் புல்தரை இருந்தது. கரடி இருந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை.

சென்னையிலும் இதே கதைதான். 1855-ல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கி, பின்னர் சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறிய விலங்குக் காட்சிச்சாலையை அந்நாளைய சென்னைவாசிகள் 'உயிர்க் காலேஜ்' என்றும், அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் அழைத்தார்கள். சிறுவனாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த உயிர்க் காலேஜைப் பார்த்திருக்கிறேன். 1985-ல் வண்டலூரில் புதிய பூங்கா திறக்கப்பட்டது. விலங்குகளுக்கு அது பெரும் விடுதலை. ஆனால் பின்னொரு நாள் அந்தப் பழைய இடத்தைத் தேடிப் போனபோது, சிங்கக்கூண்டு எந்தப் பக்கம் இருந்தது என்று காட்டும் ஒரு கல்லைக்கூட என்னால் கண்டுபிடிக்க இயலவில்லை.

இடிக்காமல் விட்ட ஊர்களும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் 1912-ல் தொடங்கிய விலங்குக் காட்சிச்சாலை 1966-ல் வேறிடத்துக்கு மாறிய பிறகு, குகை போன்ற அதன் பழைய அடைப்புகளை அப்படியே விட்டு, உள்ளே மேசையும் பெஞ்சும் போட்டார்கள். இன்று குடும்பங்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிடுகின்றன. லண்டன் உயிரியல் பூங்காவில் 1934-ல் லூபெட்கின் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த பென்குயின் குளம், ஒன்றையொன்று தழுவி இறங்கும் கான்கிரீட் சரிவுகளுக்காக உலகப் புகழ் பெற்றது. அந்தக் கான்கிரீட்டிலேயே நடந்து நடந்து பறவைகளின் பாதங்களில் புண் வந்தது. 2004-ல் பென்குயின்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். குளம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக நிற்கிறது. அதே பூங்காவில் 1960-களில் கட்டிய உயரமான பறவைக்கூடமோ, தாவி ஏற இடமிருந்ததால், 2022-ல் கொலோபஸ் குரங்குகளின் இருப்பிடமாகத் திருத்தப்பட்டது. ஆகவே பழைய அடைப்பு எல்லாவற்றையும் இடிக்கவேண்டும் என்றோ, எல்லாவற்றையும் காக்கவேண்டும் என்றோ நான் சொல்லவில்லை. உயரமும் வெளிச்சமும் மண்ணும் கொடுக்க முடிகிற இடத்தைத் திருத்திப் பயன்படுத்தலாம். சிமெண்டும் கம்பியுமான சிறு கூண்டில் எதைத் திருத்தினாலும் அது சிறு கூண்டுதான்.

நான் அஞ்சுவது வேறொன்றை. காலிக் கூண்டு நெடுநாள் காலியாக இருப்பதில்லை. எங்கள் பக்கத்து ஒரு சிறுவர் பூங்காவில் ஒரு காலத்தில் மயிலும் குரங்கும் இருந்தன. 1992-ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைந்து, அதன் அங்கீகாரம் இல்லாமல் விலங்குகளைக் காட்சிக்கு வைக்கக்கூடாது என்றான பிறகு, இத்தகைய சிறு கூடங்கள் பல ஊர்களில் மூடப்பட்டன, இங்கும் மூடினார்கள். இன்று மயில்கூண்டில் விளக்குமாறும் உடைந்த நாற்காலிகளும் கிடக்கின்றன. அது போகட்டும். குரங்குக்கூண்டில் சென்ற ஆண்டு, தெருவில் அடிபட்ட ஒரு குரங்கைத் 'தற்காலிகமாக' விட்டார்கள். இரண்டு நாள் என்றார்கள். நான் அறிய நாற்பது நாளுக்கு மேல் அது அங்கே இருந்தது. தீய எண்ணத்தால் எவரும் செய்யவில்லை. கதவும் தாழ்ப்பாளும் உள்ள கூண்டு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான். 2024 மே மாதம் பாபநாசத்தை அடுத்த வேம்பையாபுரத்தில் கூண்டு வைத்துப் பிடித்த சிறுத்தைகளை வனத்துறையினர் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டதை எங்கள் பகுதியே பார்த்தது. கூண்டு என்பது அவ்வளவு நேரத்துக்குத்தான் என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள்.

ஆகையால் உயிரியல் பூங்கா நிர்வாகங்களிடம் நான் வேண்டுவது இது. ஒவ்வொரு பழைய பூங்காவிலும் பயனற்றுப்போன கம்பிக்கூண்டுகளில் ஒன்றையேனும் இடிக்காமல் வைத்திருங்கள். அதன் கதவையும் உள்ளறையின் இழுப்புக் கதவையும் கழற்றி எடுத்துவிடுங்கள். மறுபடி எந்த உயிரையும் அதற்குள் பூட்ட வழியில்லாமல் போகட்டும். தரைக்குப் புதுப்பூச்சு வேண்டாம், கம்பிக்குப் பெயிண்ட் வேண்டாம்; தேய்ந்த தடம் தேய்ந்தபடியே இருக்கட்டும். வாசலில் தமிழில் ஒரு பலகை வையுங்கள்: உள்ளே இருந்தது எந்த விலங்கு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை இருந்தது, நீள அகலம் எத்தனை அடி. பூங்காப் பதிவேடுகளில் இவை இருக்கும். காப்பாளர்கள் ஓய்வு பெறுவதற்குள் அவர்களிடமும் கேட்டு எழுதிவைக்கலாம். மற்றக் கூண்டுகளை இடித்து, அந்த நிலத்தைப் பக்கத்து அடைப்போடு சேர்த்துவிடுங்கள். சிற்றுண்டிக் கடைக்குக் கொடுக்கவேண்டாம்.

எங்கள் ஊர்ப் பூங்காவின் குரங்குக்கூண்டுக்காகவும் உரியவர்களிடம் மனுக் கொடுத்திருக்கிறேன். கீல்கள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றன. பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரை அழைத்துப்போய்க் காட்டினேன். அரை நாளில் அறுத்து எடுத்துவிடலாம் என்றார். அவருடைய கூலியை நானே தருவதாகவும் மனுவில் எழுதியிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.