டல்லாஸிலிருந்து மலருக்கு

இர்விங், டெக்சஸ்
ஞாயிறு இரவு

அன்புள்ள மலர்,

போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருப்பாள், பாதியில் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள், அதனால்தான் உனக்கு மட்டும் எழுதுகிறேன். போன வாரம் திரும்பி வந்துவிடலாமா என்று இருக்கிறது என்றேன் இல்லையா, அது உண்மைதான். வேலையில் ஒன்றும் குறையில்லை. பால் வாங்கப் போகக்கூடக் கார் வேண்டிய ஊர் இது. தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது. ஏக்தா மந்திர் கோயிலுக்குப் போனால் நாலு தமிழ்க் குரல் கேட்கும், கார் இல்லாதவனுக்கு அதுவும் தூரம்தான், வெள்ளிக்கிழமை கதவைச் சாத்தினால் திங்கள் வரைக்கும் யாரிடமும் வாய் திறக்காத வாரங்கள் போயிருக்கின்றன.

சரி, நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ரயில் பிடித்து விக்டரி ஸ்டேஷனில் இறங்கி, உனக்காக உன் பாஸ்கெட்பால் ஹீரோ டர்க் நோவிட்ஸ்கியின் சிலையைப் பார்த்துவிட்டு வந்தேன். டல்லாஸ் அணி ஆடும் அரங்கமான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சென்டர் வாசலில் வெள்ளை வெளேரென்று நிற்கிறார். நீ கோர்ட்டில் போட்டுப் பார்த்து விழுவாயே, அதே ஷாட். இடது கால் மட்டும் ஊன்றியிருக்கிறது, வலது முழங்கால் மேலே, உடம்பு அப்படியே பின்னால் சாய்ந்து, பந்து தலைக்கு மேல். ஏழடி ஆள் சாய்ந்துகொண்டே எறிந்தால் எவன் கை எட்டும்?

அங்கே திண்டில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தேன். அவரும் ஊரை விட்டு வந்தவர்தானே. ஜெர்மனியில் வூர்ஸ்பர்க். அப்பா ஹேண்ட்பால், அம்மா பாஸ்கெட்பால். ஹோல்கர் கெஷ்விண்ட்னர் என்கிற பழைய ஆட்டக்காரர்தான் அவரைச் செதுக்கினார், பந்து எந்தக் கோணத்தில் போனால் விழும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிக்கொடுத்தவர். அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில், 1998இல் ஒன்பதாவதாக மில்வாக்கி அணி அவரை எடுத்து, அன்றைக்கே டல்லாஸ் அணிக்கு மாற்றிவிட்டார்கள். வயது 20. முதல் சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 8 புள்ளிதான், ஆள் மென்மை, இங்கே தாங்கமாட்டான் என்று பேசினார்கள். ஊருக்கே திரும்பிவிடலாமா என்று அவரும் நினைத்திருக்கிறார் மலர்! அதே வருஷம் டல்லாஸ் அணிக்கு வந்த இன்னொரு ஆட்டக்காரர் ஸ்டீவ் நாஷ் நண்பரானார், இரண்டு பேரும் ராத்திரி ஜிம்முக்குப் போய் ஷாட் போடுவார்களாம். அடுத்த சீசனில் சராசரி 17.5.

அப்புறமும் லேசாக ஒன்றும் கிடைக்கவில்லை. முதலில் நாலு ஆட்டம் ஜெயிக்கிற அணிக்குத்தான் கோப்பை, 2006 ஃபைனலில் மியாமி அணியை 2-0 என்று முந்திவிட்டு, வரிசையாக நாலு ஆட்டம் தோற்றார்கள். 2007இல் அந்த சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது வந்தது, ஆனால் சீசனில் 67 ஆட்டம் ஜெயித்திருந்த அணி கோப்பைக்கான பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே வெளியே போன பிறகு அந்த விருதைக் கையில் வாங்குவது எப்படி இருந்திருக்கும்! 2011 ஃபைனலில் மறுபடியும் அதே மியாமி. முதல் ஆட்டத்திலேயே இடது கை நடுவிரலில் தசைநார் கிழிந்தது, நாலாவது ஆட்டத்தன்று காய்ச்சல் 101 டிகிரி. அந்தக் காய்ச்சலோடு 21 புள்ளி எடுத்தார், அதில் 10 கடைசிக் கால்பகுதியில். ஆறாவது ஆட்டத்தில் கோப்பை உறுதியானதும் கொண்டாடக்கூட நிற்காமல் உள்ளே ஓடிப்போய் அழுதார். அந்த வீடியோவை நேற்று ரயிலில் திரும்பும்போது மூன்று தடவை பார்த்தேன்.

2014இல் வேறு அணிகள் கொட்டிக் கொடுக்கத் தயாராக இருந்தும் குறைந்த சம்பளத்துக்கு இங்கேயே கையெழுத்துப் போட்டார். 2019இல் ஓய்வு பெறும்வரை 21 சீசன், ஒரே அணி, 31,560 புள்ளிகள். ஒரே அணிக்கு அத்தனை சீசன் அவருக்கு முன்னால் யாரும் ஆடியதில்லை. அந்த அரங்கத்துக்குப் பக்கத்துத் தெருவுக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. இங்கே அத்தனை பெயர் எடுத்த பிறகும் கோடையில் ஜெர்மனிக்குப் போய், ஒரு கிராமத்து ஜிம்மில் அதே கெஷ்விண்ட்னரோடு பயிற்சி எடுப்பார்.

அடுத்த மாதம் பழைய கார் ஒன்று வாங்கப் போகிறேன், அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். நான் வந்துவிடுவேனோ என்று அவள் காத்திருக்க வேண்டாம், பொங்கலுக்கு லீவில் வருகிறேன் என்று சொல். கோர்ட்டில் கிழிந்த வலையை மாற்றினார்களா? நூறு ஃப்ரீ த்ரோவில் இப்போது எத்தனை விழுகிறது என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்