ராஜிக்கு, செம்பவாங்கிலிருந்து

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குப் பல் முளைத்ததையும் உன் முழங்கால் வலி குறைந்ததையும் படித்து நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். உயர்நிலை மாணவர்கள் சிலருக்கு இன்னும் துணைப்பாட வகுப்பு எடுக்கிறேன். கணினி அடிக்கடி நின்றுபோகிறது, புதிது வாங்கலாமா என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்த நீண்ட கடிதம். வாங்காதே. கொஞ்சம் பொறு.

என் மடிக்கணினியும் போன வருடம் முழுக்க என்னைப் படுத்தி எடுத்தது. இங்கே செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த பெரியவர்களின் நினைவுகளை நான் எழுதிச் சேர்ப்பது உனக்குத் தெரியும். 1971-இல் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியபோது தன் வீட்டில் என்ன நடந்தது என்று ஒருவர் சொன்னதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் திரை உறைந்து, கணினி தானாகவே அணைந்து, ஏதோ அப்டேட் என்று சுற்ற ஆரம்பித்தது. திரும்பி வந்தபோது அன்று எழுதியது எதுவுமே இல்லை. மறுபடி கேட்டு எழுதலாம் என்றால் அடுத்த மாதமே அவர் காலமாகிவிட்டார். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை. நம் கணினி எப்போது நிற்க வேண்டும் என்பதை நாம்தானே சொல்ல வேண்டும்?

சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடையில் காட்டினேன். மெமரி, டிஸ்க் இரண்டையும் சோதித்துவிட்டு, கருவியில் பழுதில்லை என்று சொன்னார்கள். இந்தச் சோதனையை நீயும் முதலில் செய்துவிடு. டிஸ்க் போயிருந்தால் கணினியை இயக்கும் எந்த சிஸ்டம் போட்டாலும் பயனில்லை.

எதிர்வீட்டுப் பையன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். அவன்தான் விண்டோஸுக்குப் பதில் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டம் இருந்த ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்தான். இதில் எனக்குப் பிடித்த விஷயம், எதையும் அழிக்காமலே முதலில் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, எல்லாம் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம். உள்ளே இருந்த என் கோப்புகளும் அதிலேயே தெரிந்தன. எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்த பிறகுதான் நிறுவச் சொன்னேன்.

தமிழ் வருமா என்பதுதான் என் ஒரே கவலை. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து 'அம்மா' என்று அடித்தேன். ம இரண்டு முறை விழுந்ததும் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக வந்து உட்கார்ந்தது. அப்போதே கவலை தீர்ந்துவிட்டது. பழைய வேர்டு கோப்புகளை லிப்ரே ஆபிஸ் என்ற இலவச எழுது மென்பொருள் திறந்தது. எழுத்துரு மாறியதால் பக்கங்கள் சற்று முன்பின் ஆகின, ஆனால் ஓர் எழுத்தும் சிதையவில்லை.

தொண்ணூறுகளில் இது நடந்திருக்குமா, யோசித்துப் பார். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. நீ அனுப்புவது என்னிடம் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இங்கே கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியதும், 1997-இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் என்ற தமிழ்க் கணிமை மாநாடு கூடியதும் அந்தத் தவிப்பால்தான். இன்று எல்லாம் யூனிகோடு, அதாவது எல்லாருக்கும் பொதுவான ஒரே குறியீடு. அதனால்தான் வீடு மாறுவதுபோல சாமான்களைத் தூக்கிக்கொண்டு சிஸ்டம் மாற முடிகிறது. ஆனால் உன்னிடம் அந்தக் காலத்துக் கோப்புகள் இருந்தால், சிஸ்டத்தை மாற்றும் முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடு. பழைய எழுத்துரு தொலைந்துபோனால் அவற்றைப் படிப்பது பெரும்பாடு.

குறை இல்லாமல் இல்லை. என் பழைய ஸ்கேனர் இதோடு ஒத்துப்போகவே இல்லை, இப்போது கைப்பேசியில்தான் படம் எடுக்கிறேன். பிரிண்டர் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது. அப்டேட் வந்தால் கீழே ஒரு சின்னக் குறி காட்டுகிறது, நான் சரி என்கிறவரை காத்திருக்கிறது. டைம்ஷிஃப்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. அப்டேட்டுக்கு முன் சிஸ்டத்தை அப்படியே பதிந்து வைத்துக்கொண்டால், ஏதாவது கெட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் நாம் எழுதியவற்றை அது காக்காது, அதற்குத் தனி நகல் வேண்டும். நிறுவிய நாளிலிருந்து இதுவரை ஒருமுறைகூட எழுதும்போது கணினி நிற்கவில்லை. மறுபடியும் பெரியவர்களைத் தேடிப் போக எனக்குத் தைரியம் வந்திருக்கிறது. போன வாரம் தேக்காவில் ஒரு அம்மாவிடம் பேசினேன், தளத்தில் சலவை வேலை செய்தவர். அதைத் தனியாக எழுதி அனுப்புகிறேன்.

உன் கணினியில் மெமரி எவ்வளவு என்று பார்த்துச் சொல். மின்டுக்குக் குறைந்தது 2 ஜிபி வேண்டும், 4 இருந்தால் நல்லது. பள்ளி விடுமுறையில் பினாங்கு வருகிறேன், பென்டிரைவைக் கொண்டுவருகிறேன். அதற்குள் உன் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்து வை.

அன்புடன்,
மல்லிகா