பெயர் வைக்காத உறவும் சட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்றைய பிள்ளைகளுக்குக் காதல் எது, பொழுதுபோக்கு எது என்றே தெரியவில்லை என்று சென்ற இதழில் எங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி வாசகர் ஒருவர் நொந்துகொண்டிருந்தார். டர்பனில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் எழுத்தராக இருந்த எனக்கு வேறு கவலை.

பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரிகிறது. என் பேத்தியும் தோழிகளும் உறவுக்கு வைத்திருக்கும் படிகளைக் கேட்டால் தலை சுற்றும். இரவெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டால் 'பேசிக்கொண்டிருக்கிறோம்'; கேட்வே மாலில் சேர்ந்து படம் பார்த்தால் 'டேட்டிங்'; இனி வேறு யாரோடும் இல்லை என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் உறவு. வீட்டுக்கு அழைத்துவந்து அம்மா கையால் சாப்பிடவைப்பது அதற்கும் மேலே. நம் காலத்துப் பெண் பார்க்கும் சடங்கே இதைவிட எளிது!

இந்தப் படிகளில் கீழே நிற்கும் பெண்களை நினைத்துத்தான் எனக்குப் பயம். போதும் என்று விலகியவளை ஒருவன் தொலைபேசியில் மிரட்டுகிறான், அவள் வேலை செய்யும் கடை வாசலில் வந்து நிற்கிறான். புகார் கொடு என்றால், "எங்களுக்குள் ஒன்றுமே இல்லையே ஆயா, என்னவென்று சொல்வது?" என்கிறாள். அந்தத் தயக்கத்துக்கு அவசியமே இல்லை. தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், டேட்டிங்கைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. எத்தனை நாள் பழகினார்கள் என்ற கணக்கு அதற்கு வேண்டாம். காதல் உறவு என்று கருதப்பட்டிருந்தாலே போதும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைக்காமலே, இனித் தொல்லை தரக்கூடாது என்று அவனைத் தடுக்கும் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். ஆண் பிள்ளைகளுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

சொத்து விஷயத்தில் சட்டம் இவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. உயில் எழுதாமல் இறந்தவரோடு மணம் முடிக்காமல் வாழ்ந்த துணையும் வாரிசாகலாம் என்று புவான்யா வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2021 டிசம்பர் 31 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்த உறவு நிலையான வாழ்க்கைத் துணையுறவு என்றும், ஒருவரை ஒருவர் தாங்கும் பொறுப்பை ஏற்றிருந்தார்கள் என்றும் நிறுவ வேண்டும். வாடகையைப் பாதிப்பாதியாகக் கொடுத்தோம் என்பது மட்டும் அதற்குப் போதாது.

பெரியவர்கள் ஏளனம் செய்வதற்கும் ஒன்றுமில்லை. 1913இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவும் செய்யப்படாத மணங்களைச் சட்டம் ஏற்காது என்றபோது, நம் பாட்டிமார் தாலியோடுதான் இருந்தார்கள்; சட்டத்தின் கண்ணில் அவர்கள் உறவுக்கும் அன்று பெயர் இல்லை.

கோயில்களில் இளைஞர் வகுப்பு நடத்துகிறவர்கள், ஒழுக்க உரையில் பத்து நிமிடத்தைக் குறைத்துக்கொண்டு, பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கலாம். தங்கள் இதழும் அதை ஒரு பக்கத்தில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுத்தர்,
டர்பன்