மாணவர் முன்னேற்ற விவரங்களைப் பகிர்வது குறித்து

குழுவிலுள்ள பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறிய சிறப்புப் பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காட்டை மற்றப் பள்ளிகளோடு ஒப்பிடும் பதிவுகள் இங்கே பகிரப்படுவதால், ஒரு விளக்கம் தேவை எனக் கருதுகிறேன். 8 பேர் மட்டுமே உள்ள வகுப்பில், தேர்வு நாளன்று வலிப்பு வந்து ஒரே ஒரு குழந்தை எழுத இயலாமற் போனாலும் விழுக்காடு 12.5 புள்ளிகள் சரிந்துவிடும். அந்தச் சரிவு கற்பித்தலைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஆகவே ஒவ்வொரு குழந்தையும் தனக்கென வகுக்கப்பட்ட தனிநபர் கல்வித் திட்டத்தின் இலக்கை நோக்கி, சென்ற பருவத்தில் இருந்த நிலையிலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதையே முதலில் பாருங்கள். பிறர் உதவியின்றிக் கரண்டியைப் பிடிப்பதும், பட அட்டையைக் காட்டித் தண்ணீர் கேட்பதும் மதிப்பெண் பட்டியலில் ஏறாத, ஆனால் மிகப் பெரிய முன்னேற்றங்கள்.

இன்னொரு வேண்டுகோள், குழந்தைகளின் அடையாளத்தைக் காப்பது பற்றியது. ஆட்டிசம் ஆண் குழந்தைகளிடமே அதிகம் கண்டறியப்படுவதால், வகுப்பில் பெண் குழந்தைகள் ஓரிருவராக இருப்பதுண்டு. வயது, பாலினம், குறைபாட்டின் வகை எனப் பிரித்த அட்டவணையின் ஒரு கட்டத்தில் '1' என்றிருந்தால், பெயர் இல்லாவிட்டாலும் அது எந்தக் குழந்தை என்பது நம் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அத்தகைய அட்டவணைகளைத் தயவுசெய்து பகிராதீர்கள்; ஏற்கெனவே பகிர்ந்தவர்கள் இன்றே நீக்கிவிடுமாறு வேண்டுகிறேன்.