சம்ப் மூடியின் அளவு

அன்புள்ள கலாவுக்கு,

அப்பா எழுதுவது. ஐப்பசி பிறக்க இன்னும் 10 நாள்தான். செப்டிக் டேங்க் லாரியை இந்த வாரமே கூப்பிடு. மண் காய்ந்திருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். மழை பிடித்தபிறகு எடுத்தால் காலித் தொட்டியை ஊற்றுநீர் கீழிருந்து தூக்கும், தளம் விரிசல் விடும். தரைக்கடியில் இருக்கிற சம்ப் தொட்டியும் அப்படித்தான், கழுத்துவரை நிரப்பி வை. கீழ்க் கழிவறைக் கோப்பையில் மணல் மூட்டை ஒன்றை இறுக்கி வை. வாசலை அடைத்துப் பிரயோஜனமில்லை, தண்ணீர் முதலில் கோப்பை வழியாகத்தான் வரும். போர்வெல் கேசிங் பைப் தரைக்கு மேல் 2 அடியாவது நிற்கிறதா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். இன்வெர்ட்டர் பேட்டரியை மாடிப்படியில் ஏற்றிவிடுங்கள்.

மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது போர்டைப் பார். ஆவடி வண்டி ஆவடியோடு சரி, பட்டாபிராம் சைடிங் வண்டி ஒதுங்கிவிடும். திருவள்ளூர், அரக்கோணம், திருத்தணி என்று போட்டிருந்தால்தான் திருநின்றவூர். உனக்குத் தெரியாததில்லை. பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் வண்டிக்குக் காத்திருக்காதே. பஸ்ஸில் ஆவடி வந்துவிடு. சீசன் டிக்கெட்டை முடியும் நாள்வரை இழுக்காதே.

தவணை ஒரு மாதமும் தவறவில்லை என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். அவளிடம் அரைமணி நேரம் பேசுகிறாய், போனை இந்தப் பக்கம் கொடுக்கச் சொல்ல மட்டும் உனக்கு ஞாபகம் வருவதில்லை. போகட்டும். செப்டிக் டேங்கை மறந்துவிடாதே.

நல்ல ஊர்தான் திருநின்றவூர். காலையில் ஏரியில் நத்தைகுத்தி நாரை இறங்குவதை வேறெங்கே பார்ப்பாய்? பெருமாளும் தாயாரும் நடக்கிற தூரத்தில். பூசலார் மனத்துக்குள் கோயில் கட்டிய ஊர். மனத்துக்குள் கட்டினால் கடைக்கால் உயரம் பார்க்க வேண்டாம்.

நான் பார்த்திருக்க வேண்டும். பட்டா பார்த்தேன், 30 வருட வில்லங்கம் பார்த்தேன். ஏரி நிரம்பினால் தண்ணீர் வெளியேறும் கலங்கல் எந்தத் திசையில் என்று ஒருவரையும் கேட்கவில்லை. சித்திரை வெயிலில் ஏரிக்குள் மாடு மேய்ந்தது, அதை நம்பினேன். பக்கத்து மனையில் நெய்வேலிக் காட்டாமணக்கு ஆளுயரம் நின்றது. "இது தண்ணீர் நிற்கிற இடத்தில்தானேப்பா வரும்?" என்று கேட்டாய். தரகர் முன்னால் உன்னைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். விலை குறைவு என்ற ஒன்றுதான் கண்ணில் நின்றது. ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் ரோடு உயரும், வீடு பள்ளமாகும் என்றுகூட அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. நீ கேட்டது சரி. நான்தான் கேட்கவில்லை.

சம்ப் வாய்க்கு அரை அடி உயரத்துக்குச் செங்கல் வரம்பு கட்டி, ரப்பர் பட்டை வைத்த இரும்பு மூடி போட்டால் சாக்கடைத் தண்ணீர் இறங்காது. இங்கே வெல்டரிடம் சொல்லிவிட்டேன். வாயின் நீளம் அகலம் இரண்டையும் உள்விளிம்பில் அளந்து அனுப்பு. எனக்கு வேண்டாம், தம்பியிடம் சொன்னால் போதும்.

அப்பா