மாநிலச் செய்தி வாசித்தவர்களையும் நினைவுகூர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வானொலிச் செய்தி வாசிப்பாளர் சரோஜ் நாராயணசுவாமி அவர்கள் 2022 ஆகஸ்ட் 13 அன்று, தமது 87-ஆம் வயதில் காலமானபோது, தமிழ் நாளிதழ்கள் பலவும் அவரைப் போற்றி எழுதின. டெல்லியிலிருந்து ஒலிபரப்பான தமிழ்ச் செய்திகளை ஏறத்தாழ 35 ஆண்டுக் காலம் வாசித்த அவருக்கு அந்த மரியாதை முற்றிலும் தகும். ஆனால், சென்னை, திருச்சி வானொலி நிலையங்களிலிருந்து மாநிலச் செய்திகளை வாசித்து ஓய்வு பெற்றவர்களைப் பற்றி எங்கும் ஒரு வரிகூட வருவதில்லை என்பது என் போன்ற நேயர்களுக்கு நீண்ட நாள் மனக்குறை.

வானொலிச் செய்தி வாசிப்பை நல்ல குரல் வளம் மட்டுமே வேண்டும் தொழிலாகப் பலர் எண்ணுகிறார்கள். அகில இந்திய வானொலியில் இப்பதவியின் பெயரே செய்தி வாசிப்பாளர் மற்றும் மொழிபெயர்ப்பாளர் என்பதாகும். ஆங்கிலத்தில் வந்து சேரும் செய்தியை, கேட்பவர் ஒரு முறையிலேயே புரிந்துகொள்ளும்படி சிறு வாக்கியங்களாகத் தமிழில் எழுதி, அதை நேரலையில் தடுமாற்றமின்றி வாசித்து, குறித்த நொடியில் முடிக்க வேண்டும். நாளிதழ் வாசகர் புரியாத வரியைத் திரும்பப் படித்துக்கொள்ளலாம். வானொலி நேயருக்கு அந்த வசதி இல்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேசைக்கு வரும் அவசரச் செய்தியை, குரலில் பதற்றம் தெரியாமல் இடையில் சேர்த்துச் சொல்லும் நிதானம் பல ஆண்டுப் பயிற்சியில்தான் கைகூடும்.

இந்தப் பணியின் அருமை டெல்டா மாவட்டங்களில் வாழ்பவர்களுக்கு நன்கு தெரியும். மேட்டூர் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, நீர்வரத்து எத்தனை கன அடி என்ற விவரத்தை வானொலியில் கேட்டுவிட்டு நாற்றங்காலுக்கு நாள் குறித்த விவசாயிகள் இங்கு ஏராளம். அந்த எண்களில் ஒன்று தவறாக வாசிக்கப்பட்டால் அது ஒரு குடும்பத்தின் சாகுபடிக் கணக்கையே பாதிக்கும் என்பதை உணர்ந்து, ஒவ்வோர் எண்ணையும் நிறுத்தி, தெளிவாக வாசித்தவர்கள் அவர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. தொலைக்காட்சி இயங்கவில்லை, கைப்பேசித் தொடர்பும் பல ஊர்களில் அற்றுப்போனது. பேட்டரியில் இயங்கும் சிறிய வானொலிப் பெட்டி வைத்திருந்த வீடுகளுக்கே வெளியுலகச் செய்தி எட்டியது. அத்தகைய நாட்களில் ஒரு பழகிய குரல் அளிக்கும் நம்பிக்கையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

இவ்வளவு பொறுப்புள்ள பணியைச் செய்பவர்களில் பெரும்பாலோர் நிரந்தர ஊழியர்கள் அல்லர். எழுத்துத் தேர்விலும் குரல் தேர்விலும் வென்ற பிறகும், மாதத்தில் சில நாட்களுக்கு மட்டுமே அழைக்கப்படும் தற்காலிக வாசிப்பாளர்களாகவே அவர்கள் தொடர்கிறார்கள். வேறொரு வேலையில் இருந்துகொண்டே, விடியும் முன் நிலையத்துக்கு வந்து சேர்ந்து, பத்து, இருபது ஆண்டுகள் வாசித்தவர்கள் இருக்கிறார்கள். அழைப்பு வருவது நின்றுவிட்டால் அதுவே அவர்களுடைய ஓய்வு. வழியனுப்பு விழா இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

1947 நவம்பர் 12 அன்று டெல்லி நிலையத்தில் காந்தியடிகள் ஆற்றிய உரையை இன்றும் நாம் கேட்க முடிகிறதென்றால், அதை ஒலிக்காப்பகத்தில் பேணிய ஊழியர்களின் அக்கறையே காரணம். அதே அக்கறையுடன் மாநிலச் செய்தி அறிக்கைகளிலும் தேர்ந்தெடுத்த சிலவற்றை, வாசித்தவரின் பெயரோடும் நாளோடும், வானொலியை நடத்தும் பிரசார் பாரதி நிறுவனம் பாதுகாக்க வேண்டும். 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் தொடங்கிய நிலையங்களில் முற்காலத்தில் பணியாற்றியவர்களில் பலர் இப்போது இல்லை. பின்னர் வந்தவர்களிலும் மூத்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களுடைய பணி அனுபவங்களை இப்போதே நேர்காணலாகப் பதிவு செய்வது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் அன்று. காலியாக உள்ள வாசிப்பாளர் பணியிடங்களையும், நெடுநாள் உழைத்த தற்காலிக வாசிப்பாளர்களுக்கு முன்னுரிமை தந்து நிரப்ப வேண்டும்.

தங்கள் நாளிதழும் தன் வட்டாரப் பதிப்புகளில் இவர்களைப் பற்றி எழுத வாரம் ஒரு பத்தி ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வானொலி நேயர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.